மணியடிக்க யாருடைய அனுமதி?

தோழர்களே,

பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தால் அது முதலில் யார் கண்ணில் படும்? தலைமையாசிரியர் கண்ணிலா? தாளாளர் கண்ணிலா? இல்லை. அடுப்பங்கரையில் நிற்கிற சத்துணவு ஆயா கண்ணில் படும். கக்கூஸ் கழுவப் போன அம்மாவின் மூக்குக்குத் தெரியும். மோட்டார் போடப் போன வாட்ச்மேனுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெரியும். புகை கீழேயிருந்துதான் மேலே போகும். சேதியும் கீழேயிருந்துதான் மேலே போகணும். ஆனால் புகை போகிற வேகத்தில் சேதி போவதில்லை. புகையைப் பார்த்து, ‘நில்லு, யாரைக் கேட்டு மேல வந்தே’ என்று யாரும் மறிப்பதில்லை. சேதிக்கு மட்டும் ஒவ்வொரு படியிலும் ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தலையங்கத்தில் நான் பேச எடுத்துக்கொண்டது இது ஒன்றைத்தான். பள்ளிக்கூடத்திலோ, சினிமாக் கொட்டகையிலோ, கல்யாண மண்டபத்திலோ ஆபத்து வந்தால், அங்கே வேலை செய்கிறவர்களுக்குள் சேதி எப்படிப் போகிறது, எந்த இடத்தில் செத்துப்போகிறது? ‘இது தீயணைப்புத் துறைக்காரங்க பேசவேண்டிய சமாச்சாரம், நம்ம பத்திரிகைக்கு இதுல என்ன வேலை?’ என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. யார் வாய் திறக்கலாம், யார் கைகட்டி நிற்கணும், யார் சொன்னால் காதில் விழும், யார் சொன்னால் விழாது என்கிற கேள்வி எங்கே வருகிறதோ அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளை அடைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் சத்துணவு சமைக்கிற இடத்தில் கீற்றில் பிடித்த தீ, மேல்மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் கருகிச் செத்தார்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள் என்று அன்றைக்கே பெற்றவர்கள் நெஞ்சிலடித்துக்கொண்டு சொன்னார்கள். விசாரணைக்கு நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம் போட்டார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கீற்றைப் பற்றிப் பேசினோம். படிக்கட்டைப் பற்றிப் பேசினோம். அங்கீகாரம் கொடுத்த அதிகாரிகளைப் பற்றிப் பேசினோம். எல்லாம் பேசவேண்டியதுதான். ஆனால் ஒன்றைப் போதுமான அளவுக்கு நாம் பேசவில்லை. தீ பிடித்த முதல் நிமிஷத்தில், அடுப்படியில் இருந்தவர் மாடியில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல அந்தக் கட்டடத்தில் என்ன ஏற்பாடு இருந்தது? அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மணி இருந்ததா? இருந்திருந்தால், அதை அடிக்கிற உரிமை தனக்கு உண்டு என்று எப்போதாவது யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா?

பத்து வருஷம் கழித்து, 2014 ஜூலை 30-ல், தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 10 பேருக்குத் தண்டனை, 11 பேருக்கு விடுதலை. தண்டனை பெற்ற பத்துப் பேரில் பள்ளியின் நிறுவனர் இருந்தார், அவருக்கு ஆயுள். கல்வித்துறை ஆட்கள் இருந்தார்கள். சத்துணவு அமைப்பாளரும் இருந்தார், சமைத்த பெண்ணும் இருந்தார். 2017-ல் உயர் நீதிமன்றம், நிறுவனர் அதுவரை உள்ளே இருந்த காலமே போதும் என்று அவருடைய ஆயுள் தண்டனையைக் குறைத்தது. சமைத்த பெண்மேல் தப்பு உண்டா இல்லையா என்று வழக்காட நான் இங்கே வரவில்லை. நான் கேட்பது வேறு. குற்றம் என்று வரும்போது கடைசிப் படி வரைக்கும் இறங்கி வருகிற பொறுப்பு, அதிகாரம் என்று வரும்போது மட்டும் ஏன் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது? தண்டனையில் பங்கு உண்டு, மணிக்கயிற்றில் பங்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்?

அனுமதிக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு நாட்டு உதாரணம் இருக்கிறது. 1958 டிசம்பர் 1-ல், அமெரிக்காவின் சிகாகோ நகரில், ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ என்ற கத்தோலிக்கப் பள்ளியில் தீப்பிடித்தது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் செத்தார்கள். அடித்தளத்தில் படிக்கட்டின் அடியில் பிடித்த தீ அது. படிக்கட்டே புகைபோக்கியாக மாறி மேல்மாடிக்குப் புகையைத் தள்ளியது. புகை வாடையை உணர்ந்த ஓர் ஆசிரியை பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஓடினார். உடனே பிள்ளைகளை இறக்கியிருக்கலாம் இல்லையா? முடியாது. தலைமைக் கன்னியாஸ்திரி சொல்லாமல் பள்ளியைக் காலிசெய்யக்கூடாது என்பது அங்கே விதி. ஒருவர் தலைமையைத் தேடிப் போனார். அவரோ வராத ஆசிரியைக்குப் பதிலாக வேறொரு வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், அறையில் இல்லை. தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அதற்கப்புறம் அந்த இரண்டு ஆசிரியைகளும் விதியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தங்கள் வகுப்புப் பிள்ளைகளைத் தாங்களாகவே வெளியே கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். பள்ளி மணி ஒலித்தது அதற்குப் பிறகுதான். அந்த மணியும் பள்ளிக்குள் மட்டும் கேட்கிற மணி, தீயணைப்பு நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. மற்ற சில வகுப்புகளில், உதவி வரும்வரை உட்கார்ந்து ஜெபம் பண்ணுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது.

அங்கே நம்ம ஊர்ச் சாதி இல்லை. ஆனால் படி இருந்தது. தலைமை, அதற்குக் கீழே கன்னியாஸ்திரிகள், அதற்குக் கீழே துறவறம் பூணாத ஆசிரியைகள், அதற்கும் கீழே பராமரிப்பு வேலைக்காரர். தேடிப் போன ஆசிரியை கடந்த ஒவ்வொரு அடியும் பிள்ளைகள் தப்பிக்கவேண்டிய நேரத்திலிருந்து வெட்டியெடுத்த அடி. அந்த விதியை எழுதியவர்கள் கொடியவர்கள் இல்லை. ஒழுங்குக்காக எழுதினார்கள். யார் யாருக்குக் கட்டளையிடுவது என்கிற ஒழுங்கு, சாதாரண நாளில் பள்ளியை நடத்த உதவியிருக்கலாம். ஆபத்து நாளில் அந்த ஒழுங்கே கதவைச் சாத்தியது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கினார். மேலே போகப்போக மரியாதை, கீழே வரவர இளக்காரம். நம்முடைய பள்ளிக்கூடத்தின் அலுவலகப் படிக்கட்டு அந்தப் படியின்மேல் கட்டப்பட்டது. தாளாளர், தலைமையாசிரியர், ஆசிரியர், எழுத்தர், ப்யூன், சத்துணவு ஆயா, கடைசியில் கக்கூஸ் கழுவுகிறவர். இந்தக் கடைசிப் படியில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ளணும் என்பதில்லை. துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பேர் மாறியது. நிற்கிற இடம் மாறவில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று சாதி இந்துப் பெற்றோர் கிளம்பினார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது. அவர் கையால் வடித்த சோற்றையே வேண்டாம் என்கிற இடத்தில், அவர் வாயால் சொல்லுகிற சேதியை யார் எடுத்துக்கொள்வார்கள்?

காவிரிப் படுகையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிற ஓர் அக்காவிடம் இதைப் பற்றிப் பேசினேன். பள்ளியின் பேரும் ஊரின் பேரும் வேண்டாம், அந்த அக்காவுக்கு இன்னும் அங்கேதான் பிழைப்பு. ஒருநாள் வராண்டாவில் சுவிட்சு போர்டிலிருந்து பொறி பறந்ததைப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது இது:

“டீச்சர்கிட்ட சொன்னேன் தம்பி. ஆபீஸ்ல சொல்லுன்னாங்க. ஆபீஸ்ல போனா, ஹெச்.எம். உள்ள பேசிக்கிட்டு இருக்காரு, இருன்னாங்க. செருப்பக் கழட்டிட்டு வெளியில நின்னேன். அரைமணி நேரம் இருக்கும். வெளிய வந்தவரு என்னப் பாத்துட்டு, ‘என்ன, லீவு வேணுமா?’ன்னாரு. இல்லங்க சார், கோவிச்சுக்காதீங்க, அங்க கொஞ்சம் நெருப்பு மாதிரி வந்துச்சுங்கன்னேன்.”

“நெருப்பு மாதிரின்னு ஏன்க்கா சொன்னீங்க? நெருப்புதானே வந்துச்சு?”

“அப்பிடிப் பட்டுன்னு சொல்லலாமா தம்பி? நாளைக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா, எனக்கு என்ன வேலன்னு கேப்பாங்கல்ல?”

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு நாள் கழித்து எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றினார். ஆனால் அந்த அக்கா பேசின பேச்சை மறுபடி வாசியுங்கள். ‘நெருப்பு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘கோவிச்சுக்காதீங்க’ வருகிறது. ‘கொஞ்சம்’ வருகிறது. பின்னால் ‘மாதிரி’ வருகிறது. தலைமுறை தலைமுறையாக அடங்கிப் பேசப் பழக்கப்பட்ட நாக்கு, ஆபத்தையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்கிறது. கேட்கிற காதும், ‘இவ லீவு கேக்கத்தான் வந்திருப்பா’ என்று முன்கூட்டியே முடிவு பண்ணிவிடுகிறது. சொல்கிறவர் குரலைத் தாழ்த்துகிறார், கேட்கிறவர் அதை இன்னும் தாழ்த்திக் கேட்கிறார். நெருப்பு நடுவில் வளர்கிறது.

2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அங்கே யாருக்கு என்ன முன்கூட்டித் தெரியும் என்பதற்குள் நான் போகவில்லை. பொதுவாக ஒன்றைக் கேட்கிறேன். நம்முடைய பள்ளிகளில் கழிப்பறைச் சுவரில் விழுகிற விரிசலைத் தினமும் பார்க்கிற ஆள் யார்? சான்றிதழ் எழுதுகிற பொறியாளர் இல்லை. அங்கே விளக்குமாறோடு தினமும் நுழைகிற ஆள்தான். அவரை உட்காரவைத்து, ‘எங்கேயெல்லாம் ஆபத்து தெரியுது, சொல்லுங்க’ என்று கேட்கிற ஒரு பணியாளர் கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்போது பள்ளிக்குப் பள்ளி வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மழை விடுமுறை முதல் பிறந்தநாள் வாழ்த்து வரை அதில்தான் போகிறது. அதில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூட்டுகிற அக்கா இருக்கிறாரா? சமைக்கிற ஆயா இருக்கிறாரா? இரவுக் காவல்காரர் இருக்கிறாரா? போய்ப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் மட்டுமில்லை. காசு கொடுத்து உள்ளே போகிற இடங்களிலும் இதே கதைதான். 1997 ஜூன் 13, டெல்லி உப்கார் தியேட்டர். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்தது. அன்று விடியற்காலையிலேயே அதே டிரான்ஸ்பார்மரில் ஒருமுறை தீப்பிடித்து, அரைகுறையாகச் சரிசெய்திருந்தார்கள். சாயங்காலம் மறுபடி தீப்பிடித்துப் புகை மேலே ஏறியபோது பால்கனியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அவசர விளக்கு எரியவில்லை. கூடுதல் நாற்காலி போட்டு வலப்பக்க வழியை அடைத்திருந்தார்கள். கதவு தாழ் போட்டிருந்தது. 59 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள், மேலே இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் முதலாளிகளுக்கு 60 கோடி ரூபாய் அபராதம் போட்டு, கட்டினால் மேற்கொண்டு சிறை வேண்டாம் என்றது.

அந்தத் தியேட்டரின் வேலைக்காரர்கள் யாரும் சனங்களுக்கு வழிகாட்ட முன்வரவில்லை என்பது வழக்கில் வெளிவந்தது. கீழே நிற்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள், அவர்கள் கையில் மணியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் கிழிப்பதும் டார்ச் அடித்து சீட்டுக் காட்டுவதும்தான் உன் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறவனிடம், ஒரு நாளும் பயிற்சி கொடுக்காதவனிடம், படத்தை நிறுத்தினால் முதலாளி தோலை உரிப்பான் என்று பயந்து கிடப்பவனிடம், ஆபத்து நேரத்தில் திடீரென்று வீரத்தை எதிர்பார்ப்பது என்ன யோக்கியதை? அதிகாரமும் பயிற்சியும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டுவதற்குப் பேர் அடிமைத்தனம்.

‘உண்மையச் சொன்னா சனங்க பீதியாயிடும், முண்டியடிச்சு மிதிபட்டுச் சாகும்’ என்பது மேலே இருப்பவர்களின் பழைய வாதம். பேரழிவுகளைப் பற்றி ஆராய்ந்த சமூகவியலாளர்கள் இதைப் பல காலமாக மறுத்துவந்திருக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் சனங்கள் பீதியடைவதில்லை. நம்பாமல் உட்கார்ந்திருப்பதுதான் நடக்கிறது. ‘சும்மா ஏதோ புகை’ என்று சாப்பாட்டை முடிக்கிறார்கள், பையைத் தேடுகிறார்கள், யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். தெளிவாக, தைரியமாக ஒருவர் சொன்னால் எழுந்து போகிறார்கள். நெரிசல் வருவது பெரும்பாலும் காலம் கடந்து சொன்னதால், கதவு பூட்டியிருந்ததால்.

இதற்குச் சாட்சி 1977 மே 28. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ‘பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப்’ என்ற பெரிய கேளிக்கை விடுதி எரிந்து 165 பேர் இறந்தார்கள். அங்கே தானியங்கி நீர்த்தெளிப்பான் கிடையாது, எச்சரிக்கை மணி கிடையாது. எச்சில் தட்டு எடுத்து மேசை துடைக்கிற 18 வயதுப் பையன் ஒருவன் தீயைப் பற்றித் தெரிந்துகொண்டான். மேற்பார்வையாளரிடம் போய், அந்தப் பெரிய அரங்கைக் காலிசெய்யலாமா என்று கேட்டான். பதிலில்லை. அவன் யாருக்காகவும் நிற்கவில்லை. நேரே மேடையேறினான். நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. மைக்கை வாங்கி, வெளியேறும் வழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கைகாட்டி, கட்டடத்தில் தீப்பிடித்திருக்கிறது, எல்லோரும் கிளம்புங்கள் என்றான். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் எழுந்து வெளியேறிப் பிழைத்தார்கள். எச்சில் தட்டு எடுக்கிறவன் சொன்னதால் உயிர் குறைந்து பிழைக்கவில்லை. முதலாளி வாயால் கேட்டிருந்தாலும் அதே உயிர்தான்.

மேல் கீழ் என்கிற பழக்கத்தை மாற்ற முடியாது, அது இயற்கை என்று சொல்பவர்களுக்கு ஆகாய விமானத்தைக் காட்டுகிறேன். அதே 1977-ல், மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்த விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். அனுபவம் மிக்க மூத்த விமானி, விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. இதுபோன்ற விபத்துகளிலிருந்து விமானத்துறை ஒரு பாடம் கற்றது. இளையவர் சந்தேகத்தை உரக்கச் சொல்லவும், மூத்தவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் தனியாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க அது விமானிகளின் பாடத்தில் இருக்கிறது. ஆக, அடங்கிக் கிடக்கிற பழக்கம் கற்றுக்கொடுக்கப்பட்டது, பேசுகிற பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கலாம். பணக்காரர்கள் பறக்கிற விமானத்தில் முடிந்தது, ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஏன் முடியாது?

சட்டமே நமக்கு ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறது. கும்பகோணம் தீயையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் பகுதி என்றது. ஆசிரியர்களோடு சேர்த்து மற்றப் பணியாளர்களுக்கும், தீயணைப்புக் கருவிகளைக் கையாளவும் பிள்ளைகளை வெளியேற்றத் தொடங்கவும் பயிற்சி கொடுக்கணும் என்றது. ‘மற்றப் பணியாளர்கள்’ என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள் தோழர்களே. மற்றப் பணியாளர் என்றால் யார்? ஒப்பந்தக்காரர் அனுப்புகிற ஆள் பதிவேட்டில் இல்லை. உள்ளாட்சி மூலம் சொற்பக் கூலிக்குக் கூட்டுகிற ஆள் பள்ளி ஊழியர் கணக்கில் வரமாட்டார். சத்துணவுக்காரர்கள் வேறு துறை. இப்படிப் பதிவேட்டிலிருந்தே துடைத்துவிட்டால், பயிற்சி நாளில் அவர்களை யார் கூப்பிடப் போகிறார்கள்? ஒத்திகை நடக்கும்போது நம்ம அக்கா எங்கே இருப்பார் என்றால், வந்த விருந்தாளிகளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவற்றைத் தெளிவாக வைக்கிறேன்.

ஒன்று. தீ, புகை, கேஸ் வாடை, மின்கசிவு, சுவர் விரிசல், இவற்றில் எதைக் கண்டாலும் மணியடிக்க, படத்தை நிறுத்த, மைக்கை எடுக்க அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று எழுத்தில் இருக்கணும். அதைச் சுவரில் ஒட்டணும். யாரையும் கேட்கவேண்டியதில்லை என்பது அதில் தெளிவாக இருக்கணும். மாணவருக்கும் அந்த உரிமை உண்டு.

இரண்டு. தவறாக மணியடித்தவருக்குத் தண்டனையோ சம்பளப் பிடித்தமோ திட்டோ கிடையாது என்பதும் அதே தாளில் இருக்கணும். இது இல்லாமல் முதல் உரிமை வெறும் காகிதம்.

மூன்று. ஒப்பந்தக்காரர் ஆள், தினக்கூலி, சத்துணவு ஊழியர், காவலர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எல்லோருக்கும் பயிற்சி. அந்த நேரத்துக்கும் கூலி. அவர்கள் பேசுகிற தமிழில் பயிற்சி.

நான்கு. ஆபத்தைப் பச்சையாகச் சொல்லணும். லண்டனில் 1987 நவம்பர் 18-ல் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் தீப்பிடித்து 31 பேர் இறந்தார்கள். அந்த ரயில் நிர்வாகத்தில் தீயைத் தீ என்று சொல்லாமல், கனிகிறது, புகைகிறது என்று மழுப்பிச் சொல்கிற வழக்கம் இருந்தது. வார்த்தையை மழுப்பினால் வேகமும் மழுங்கும். ‘தீ. சமையற்கட்டு. எல்லாரும் வடக்கு வாசல் வழியா வெளிய போங்க.’ என்ன, எங்கே, எந்த வழி, அவ்வளவுதான். ரகசியக் குறியீடுகள் ஒப்பந்தத்தில் நேற்று வந்த ஆளுக்குத் தெரியாது.

ஐந்து. சாவி யாரிடம்? வாசலைப் பூட்டினால் திறக்கிற ஆள் எந்நேரமும் வாசலில் இருக்கணும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளிவழியில் பூட்டே கூடாது. 101-க்கும் 108-க்கும் கூப்பிட ஒருவர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருக்கணும், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் தெரியணும். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறவர் யார் என்பதும். காது கேளாத பிள்ளைக்கும் நடக்கமுடியாத பிள்ளைக்கும் துணை யார் என்பதும்.

ஆறு. ஒத்திகையைத் தலைமையாசிரியர் இல்லாத நாளில் நடத்தணும். சிகாகோ கற்றுக்கொடுத்தது இதுதான். தலைமை அறையில் இல்லாதபோது பள்ளி என்ன செய்கிறது என்று பார்க்காத ஒத்திகை, ஆண்டு விழா நாடகத்துக்குச் சமம்.

‘கண்டவங்க எல்லாம் மணியடிச்சா பள்ளிக்கூடம் நடத்துறது எப்படி?’ என்று கேட்பார்கள். இந்தக் ‘கண்டவங்க’ என்ற சொல்லை நமக்கு நன்றாகத் தெரியும். கண்டவர்கள்தான் மணியடிக்கணும். தீயைக் கண்டவர்கள். காணாதவர்கள் கையில் கயிற்றைக் கொடுத்ததன் பலனைத்தான் சுடுகாட்டில் பார்த்தோம். வீண் மணி அடிபட்டால் பிள்ளைகள் பத்து நிமிஷம் வெயிலில் நிற்பார்கள், ஒரு கணக்குப் பாடம் போகும். அடிக்காத மணிக்கு என்ன விலை என்று கும்பகோணத்துத் தாய்மாரைக் கேளுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த ஜூலை 16-க்கு முன்னால், உங்கள் ஊரில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். தலைமையாசிரியரை அப்புறம் பார்க்கலாம். முதலில் கூட்டுகிற அக்காவையும் சமைக்கிற ஆயாவையும் காவல்காரரையும் பாருங்கள். மூன்றே கேள்வி. இங்கே தீப்பிடிச்சா நீங்க என்ன செய்வீங்க? மணியடிக்க உங்களுக்கு யாராவது உரிமை கொடுத்திருக்காங்களா? ஏதாவது ஆபத்தைப் பார்த்துச் சொல்லி, யாரும் கேட்காமப் போனது உண்டா? அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள். வருகிறவற்றை இந்தப் பக்கங்களில் வெளியிடுவோம். கையெழுத்துப் போட்டு மாவட்டக் கல்வி அலுவலர் மேசையில் கொண்டுபோய் வைப்போம். அங்கேயும் வாசலில் இருக்கச் சொல்வார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்